மாமியார் வீட்டுச் சார்ஜர்

ஆடி 1, வியாழன்

தலை ஆடி விருந்து. இலையில் இடமில்லாமல் இலைக்கு வெளியே கிண்ணங்கள் வைத்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும், மனைவியை அங்கேயே வைத்துக்கொண்டு என்னை மட்டும் அனுப்பிவிட்டார்கள். கல்யாணமாகி ஆறு வாரம்தான் ஆகிறது. ஆடி முழுக்கப் புதுப்பெண் அம்மா வீட்டில்தான் இருக்க வேண்டுமாம். காரணம் கேட்டேன்.

"அதெல்லாம் அப்படித்தானுங்க மாப்ள," என்றார் அத்தை.

இது காரணமே இல்லை. மாமா என்னைத் தனியே கூட்டிப்போய், ஆடியில் தரித்தால் பிள்ளை சித்திரை வெயிலில் பிறக்கும் என்று காதோடு சொன்னார். "இப்பத்தான் ஏசி வந்திருச்சே மாமா," என்றேன். மாமாவுக்குச் சிங்காநல்லூரில் சொந்த பேக்கரி. பதில் சொல்ல முடியாத இடத்தில் பஃப்ஸ் கொடுப்பார். கொடுத்தார்.

கேட் வரை மனைவி மிருதுளா வந்தாள். நான் தொண்டாமுத்தூர் ரோட்டில் போன வருடம் கடன் போட்டு வாங்கிய வீட்டைப் பற்றித்தான் பேச்சு. இத்தனை நாள் நாங்கள் இருந்தது காங்கேயத்தில் என் அப்பா வீட்டில். தொண்டாமுத்தூர் வீட்டை அவள் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள். அன்றைக்குக் குளியலறையில் சாரைப்பாம்புச் சட்டை கிடந்தது. "இது வீடு இல்லீங்க, குடோன்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

இன்று சொன்னாள்: "ஆவணி ஒண்ணாந்தேதி வந்து பாப்பேன். மனுசன் குடியிருக்கற மாதிரி இருந்தா அங்க இருக்கலாம். இல்லாட்டி எங்கப்பாவோட மாடி காலியாத்தான் கெடக்குது. அங்க போயரலாம்."

"நான் வீட்டோட மாப்பிள்ளையா வரணுமா?"

"மாடியோட மாப்பிள்ளைனு வெச்சுக்கங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முடியாது. மாமனார் வீட்டு மாடியில் குடியிருக்க என்னால் முடியாது. ஒரு மாதம் இருக்கிறது. வீட்டை முடித்துக் காட்டுவேன்.

மோட்டார் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்தச் சோதனைக்கும் தேதி போட்டுப் பதிவு வைப்பது பழக்கம். இதற்கும் வைக்கிறேன்.

ஆடி 3, சனி

வீட்டை முழுதாகச் சுற்றிப் பார்த்தேன். ஜன்னல்களுக்குத் திரைக்கம்பி இல்லை. சமையலறையில் ஒரு ஷெல்ஃப் கூட இல்லை. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வெளியே கேட்டிலிருந்து வாசல்வரை வேலிச்செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து வழியை மூடியிருக்கிறது. பின்னால் கிணறு இருக்கிறது என்று பத்திரத்தில் படித்திருக்கிறேன். பார்த்தீனியப் புதரைத் தாண்டிப் போனால்தான் தெரியும்.

வீடு முழுவதற்கும் இரண்டே பிளக். இரண்டிலும் எர்த் கிடையாது. தோட்டம் வரை வயர் இழுத்து வேலை செய்வது முட்டாள்தனம். எல்லாம் பேட்டரிக் கருவிகள்தான் என்று முடிவு செய்தேன். முடிவெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆட்களை விட்டு ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று அப்பா ஃபோனில் சொன்னார். ஆள் வைத்தால் நான் முடித்ததாக ஆகாது.

ஆடி 5, திங்கள்

எந்தக் கம்பெனி என்று இன்னும் முடிவாகவில்லை. முறுக்கு விசை, எடை, அதிர்வு, கைப்பிடி அகலம் எல்லாம் போட்டு அட்டவணை தயாராகிறது. ஒரு செடிகூட வெட்டவில்லை.

ஆடி 7, புதன்

டவுன்ஹால் பக்கம் கருவிக் கடைக்குப் போனேன். விற்பவர் என் வயதுதான் இருப்பார்.

"சார், அது பதினெட்டு வோல்ட்டு. இது இருவது. ரெண்டு வோல்ட்டு ஜாஸ்தி சார்."

"ரெண்டுக்குள்ளயும் அஞ்சு செல்தாங்க இருக்கு. ஒருத்தன் ஃபுல் சார்ஜ்ல அளந்து எழுதறான். இன்னொருத்தன் வேலை செய்யும்போது அளந்து எழுதறான். சரக்கு ஒண்ணுதான்."

"அப்ப எது சார் பெருசு?"

"எதுவும் பெருசில்ல."

"எதுவுமே பெருசில்லீன்னா கடைக்கு எதுக்கு சார் வந்தீங்க?"

நியாயமான கேள்வி. ஒரு மரையாணி டப்பா மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒன்று புரிந்தது. கருவியைத் தேர்ந்தெடுப்பதாக எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் தேர்ந்தெடுப்பது பேட்டரியை. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனிக் கருவியில் உட்காராது. முதலில் எதை வாங்குகிறோமோ, அப்புறம் வாங்குவதெல்லாம் அதே குடும்பத்தில்தான். என் அட்டவணையில் பச்சைக் கம்பெனி முதலிடம். மஞ்சள், நீலம் அடுத்தடுத்து. ஆரஞ்சு நான்காவது.

ஆடி 8, வியாழன்

மிருதுளாவிடம் ஃபோனில் அட்டவணையைப் பற்றிச் சொன்னேன். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் ஏன் நல்லது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "எங்கிட்ட இருக்கறது பிரஷ் உள்ளதுதான். நல்லாத்தான் ஓடுது," என்றாள்.

"உங்கிட்ட இருக்கறது எது?"

"டிரில்லுங்க."

கண்காட்சிகளுக்கு அரங்கு வடிவமைக்கிற கம்பெனியில் அவள் வேலை செய்கிறாள் என்று தெரியும். கார்ப்பென்டர் வரும்வரை காத்திருந்து காத்திருந்து வெறுத்துப்போய் நான்கு வருடம் முன்பே சொந்தமாக டிரில் வாங்கிவிட்டாளாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. பொண்ணு பாக்க வந்தப்ப சமைக்கத் தெரியுமான்னு கேட்டீங்க."

"என்ன கம்பெனி?"

"ஆரஞ்சு."

ராத்திரி அட்டவணையைத் திரும்பப் பார்த்தேன். கைப்பிடி அகலத்துக்கு நான் போதிய மதிப்பெண் கொடுக்கவில்லை என்று தோன்றியது. திருத்தியதும் ஆரஞ்சு முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு பேட்டரிக் குடும்பம் இருப்பது வீண் செலவு என்பது கூடுதல் காரணம். ஆர்டர் போட்டுவிட்டேன். டிரில், வேலி வெட்டி, ஒரு கையால் பிடிக்கிற சின்னச் சங்கிலி ரம்பம், சருகு ஊதி, நாலு ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று.

ஆடி 10, சனி

எல்லாம் வந்து சேர்ந்தது. சார்ஜர் வரவில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'கருவி மட்டும்' என்று போட்டிருக்கிறது. எழுத்து சின்னது என்று சொல்லித் தப்பிக்கலாம். சின்னது இல்லை. நான் படிக்கவில்லை. பேட்டரியோடு வந்த கொஞ்சச் சார்ஜில் இரண்டு திரைக்கம்பி மாட்டினேன். மூன்றாவது துளை பாதியில் நின்றுவிட்டது. சார்ஜரை மட்டும் தனியாக வாங்கலாம், கிடைக்கிறது. ஆனால் மிருதுளாவிடம் ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

ஆடி 11, ஞாயிறு

ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு சிங்காநல்லூர் போனேன். கதவைத் திறந்த அத்தையின் முகம், ஆடியில் மாப்பிள்ளை வந்து நின்றால் எப்படி ஆகுமோ அப்படி ஆனது.

"ஏனுங்க மாப்ள, ஒடம்புக்கு ஏதாச்சும்...?"

"இல்லீங்க அத்தை. சார்ஜ் போடணும்."

"ஃபோனுக்குங்களா?"

பேட்டரியை எடுத்துக் காட்டினேன். அத்தை அதை வாங்கவில்லை. பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மிருதுளா உள்ளேயிருந்து வந்து வாங்கிப்போய் ஹாலில் சார்ஜரில் மாட்டினாள். மாட்டும்போது 'டக்' என்று சத்தம் கேட்டது. அவளுடைய சார்ஜர் பழைய, மெதுவான ரகம். முழுதாக ஏற இரண்டு மணி நேரம் ஆகும். அதைச் சொன்னேன்.

"ரெண்டு மணி நேரமா!" என்றார் அத்தை.

போர்டிகோவில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. ஒரு ஓரத்தில் நான், மறு ஓரத்தில் மிருதுளா, நடுவில் அத்தை, அவர் மடியில் ஒரு முறம் மொச்சைக்காய். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "ஆச்சுங்களா மாப்ள?" என்று கேட்டார். "இன்னும் ஒரு லைட் வரணுங்க," என்று நான் சொல்ல, "அந்த லைட்டு எப்பத்தான் வரும்?" என்று அவர் மொச்சையைப் பார்த்துக் கேட்க, மிருதுளா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

மாமா பேக்கரியிலிருந்து வந்து நிலைமையைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் முட்டை பஃப்ஸ் கொடுத்தார்.

ஆடி 13, செவ்வாய்

பேட்டரி தீர்ந்துவிட்டது. சிங்காநல்லூர். சார்ஜ் போட்டேன். அத்தை இன்று பூண்டு உரித்தார்.

ஆடி 14, புதன்

அஞ்சு ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று வாங்கினேன். ஒரு சார்ஜில் அதிக வேலை நடக்கும். அவள் சார்ஜரில் ஏற இரண்டரை மணி நேரம் ஆகும் என்பது இதில் உள்ள ஒரே குறை.

ஆடி 15, வியாழன்

காலையில் வேலைக்குப் போகுமுன் சருகு ஊதியைச் சோதித்துப் பார்த்தேன். ஊதி ஊதிச் சருகை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கும், அங்கிருந்து இங்கும் தள்ளினேன். ஆடிக் காற்று எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து கொட்டியது. இருந்தாலும் மோட்டார் தாங்குதிறனைத் தெரிந்துகொள்வது அவசியம். பேட்டரி விரைவில் காலி. வேலையிலிருந்து அப்படியே சிங்காநல்லூர் போனேன்.

இன்று அத்தைக்கு அவர் தங்கையிடமிருந்து ஃபோன் வந்தது. பேச எழுந்து உள்ளே போனார். நடு நாற்காலி காலி. மிருதுளா பார்வையைப் பேட்டரி விளக்கில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"அந்த வீடு வேண்டாம்னு நான் பாம்புக்காகச் சொல்லலீங்க."

"பின்ன?"

"நீங்க ரெண்டாம் ஷிஃப்ட் போனா வர்றப்ப நடுராத்திரி. அந்தப் பொதருக்கு நடுவுல நான் ஒத்தையில. சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு பாத்தேன். ரோடு தெரியல, கேட் தெரியல. எது செடி, எது ஆளுன்னே தெரியல."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"பாம்புன்னா சிரிச்சுட்டு விட்ருவாங்க. பயம்னு சொன்னா வீட்டுல எல்லாரும் கூடிப் பேசுவாங்க. எங்கம்மா வந்து கூடவே படுத்துக்கும்."

அத்தை ஃபோனோடு திரும்பிவிட்டார். இரண்டரை மணி நேரம் ஆகும் என்று குறை சொன்னேனே, இன்று அது சீக்கிரம் முடிந்துவிட்டது. சார்ஜரில் ஏதோ கோளாறு இருக்கலாம்.

ஆடி 16, வெள்ளி

என் வேலைத் திட்டமே தப்பு. உள்ளே திரைக்கம்பியும் ஷெல்ஃபுமாக நான் குடைந்துகொண்டிருந்தேன். முதலில் செய்ய வேண்டியது வேலி. சமையலறை ஜன்னலில் நின்றேன். அவள் என் தோள் உயரம்தான். முழங்காலை மடக்கி அவள் கண் மட்டத்துக்கு இறங்கிப் பார்த்தேன். நான் நிமிர்ந்து நின்று பார்த்தால் தெரிகிற ரோடு, அங்கிருந்து தெரியவில்லை. வேலியை எந்த உயரத்தில் வெட்ட வேண்டும் என்று கயிறு கட்டிக் குறித்துவிட்டேன்.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு, எங்கள் பக்கம் ஆடி நோம்பி. முறைப்படியான அழைப்பு, ஆகவே பேட்டரி இல்லாமல் போனேன். (ஒன்றை மட்டும் பையில் வைத்திருந்தேன்.)

சாப்பாடு முடிந்ததும் அத்தை தாம்பாளத்தைக் கொண்டுவந்தார். வேட்டி சட்டை, வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம். அவற்றுக்கு நடுவே மிருதுளாவின் சார்ஜர். வயரை அழகாகச் சுற்றி, மேலே மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்.

"பாவம் மாப்ள, ஊருக்கு அந்தக் கோடிலருந்து இதுக்குன்னு அலையறீங்க. எப்படியும் அவளோட சாமான் அங்கதான வரப்போகுது? முன்னாடியே எடுத்துட்டுப் போயிருங்க. இனி ஊட்டுலயே நிம்மதியா போட்டுக்கலாம்."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? மாமா என் முகத்தைப் பார்த்தார், மிருதுளா முகத்தைப் பார்த்தார். "வசந்தா, உனக்கு ஒண்ணும் தெரியறதில்ல," என்றார்.

"எனக்குத்தான் எல்லாம் தெரியுதுங்க," என்றார் அத்தை.

இரண்டு பஃப்ஸ் கொடுத்தார் மாமா.

ஆடி 19, திங்கள்

வேலி இடதுபுறம் முடிந்தது.

ஆடி 20, செவ்வாய்

வேலி வலதுபுறம் முடிந்தது. ஒரு பேட்டரி ஓடும்போது மற்றது ஏறுகிறது. வேலை பிரமாதமாக நடக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

ஆடி 22, வியாழன்

பார்த்தீனியம் ஒழிந்தது. கிணறு உண்மையிலேயே இருக்கிறது. மேலே கம்பிவலை போட அளவெடுத்தேன். கேட்டுக்கு ஒரு விளக்கு, கிணற்றடிக்கு ஒரு விளக்கு. எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் போட்டுப் புது பிளக்குகளும் வைத்தாகிவிட்டது. இரவில் அவளிடம் ஃபோனில் சொன்னேன். "நல்லதுங்க," என்றாள். அப்புறம் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. நேரில் பேட்டரி நடுவில் இருந்தபோது பேச்சு வந்துகொண்டேயிருந்தது.

ஆடி 24, சனி

பத்து மணி இருக்கும். சட்டை இல்லாமல் சமையலறைச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மிருதுளா! ஹெல்மெட்டைக் கழற்றாமலே பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து நீட்டினாள்.

"திங்கக்கெழம அரங்கு வேலை இருக்குதுங்க. சார்ஜர் இங்க வந்திருச்சில்ல."

"அத்தைக்குத் தெரியுமா?"

"சார்ஜ் போடப் போறேன்னு சொன்னேன். எங்கம்மா பேந்தப் பேந்த முழிச்சுது. அது குடுத்ததுதான சார்ஜர். என்னன்னு வேண்டாங்கும்?"

பேட்டரியை வாங்கிச் சார்ஜரில் மாட்டப் போனேன். பழக்கம், முதலில் பொத்தானை அழுத்தி அளவு பார்த்தேன். நாலில் மூன்று விளக்கு எரிந்தது.

"இது முக்காவாசி இருக்கே. இதோட ரெண்டு நாள் ஓட்டலாம். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?" என்றேன்.

மிருதுளா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"ஆடி பதிமூணு, செவ்வாக்கெழம. நீங்க கொண்டாந்து குடுத்த பேட்டரில நாலு லைட்டும் எரிஞ்சுது. நான் ஏதாச்சும் கேட்டனா? எங்கம்மா பாக்கறதுக்குள்ள சுவிட்ச்சக் கூடப் போடாம மாட்டி வெச்சேன்."

எங்கள் பிரிவில் தவறான பதிவை அழிக்கக்கூடாது. ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் திருத்தி எழுத வேண்டும். ஆகவே, திருத்தம்: ஆடி 13 அன்று பேட்டரி தீரவில்லை. முந்தைய நாள் கருவி எதையும் நான் தொடவே இல்லை.

அவள் சமையலறைக்குள் போனாள். நேராக ஜன்னலுக்குப் போய் நின்றாள். வேலிக்கு மேலே ரோடு தெரிந்தது. ஒரு பால்காரர் போனார், ஒரு பள்ளிக்கூட வேன் போனது. கேட்டில் பூனை ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் போட்ட அளவு சரி. மூன்று அங்குலம்கூட மிச்சம்.

"என் ஒசரத்துக்கா வெட்னீங்க?"

"ஆமா."

"எப்படி அளந்தீங்க?"

முழங்காலை மடக்கிக் காட்டினேன். சட்டை இல்லாத ஆள் முழங்கால் மடக்கி நிற்பதைப் பார்த்து, அவள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அப்புறம் டிரில்லை என் கையிலிருந்து பிடுங்கி, "ஷெல்ஃப் ஓட்டைய இவ்வளவு மேல போட்டா நான் எட்டறதா, நீங்க சமைக்கறதா?" என்று கேட்டாள். நான் போட்ட துளைகள் மூன்றும் வீண். சுவர்ப் பட்டி வைத்து அடைக்க வேண்டும். வேலியை மட்டும் அவள் உயரத்துக்கு யோசித்தவன், ஷெல்ஃபை என் உயரத்துக்குப் போட்டிருக்கிறேன்.

கால்வாசி ஏற அரை மணிதான் ஆனது. சார்ஜர் விளக்கு பச்சைக்கு மாறி நெடுநேரம் ஆகியும் இருவரும் கவனிக்கவில்லை. போகும்போது வீடு எப்படி என்று கேட்டேன்.

"ஆவணி ஒண்ணாந்தேதி சொல்றேன்," என்றாள்.

ஆடி 27, செவ்வாய்

ஷெல்ஃப் ஒன்று தவிர எல்லாம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அட்டவணைப்படி இரண்டு நாள் மிச்சம். கெட்டிக்காரன்தான் நான்.

ஆடி 29, வியாழன்

காற்று. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நேராக என் வீட்டைக் குறிவைத்து வந்ததுபோல அடித்தது. மாலையில் பின்புறமிருந்த பெரிய முருங்கை அடியோடு முறிந்தது. பின்கட்டுக் கூரை ஷீட் நொறுங்கியது, குளியலறைக் கதவு இரண்டாகப் பிளந்தது, தண்ணீர்க் குழாய் உடைந்தது. நான் அப்போது ஷிஃப்டில் இருந்தேன். வந்து பார்த்தபோது குளியலறைக்குள் முருங்கைக்காய் தொங்குகிறது.

முருங்கையை வெட்டியிருக்க வேண்டும். சங்கிலி ரம்பம் பத்தொன்பது நாளாகக் கையில்தான் இருந்தது. காய் பிடித்திருக்கிறதே, அவளுக்குச் சாம்பாருக்கு ஆகும் என்று விட்டுவைத்தேன்.

ஆடி 30, வெள்ளி

லீவ் போட்டேன். ரம்பத்தால் மரத்தைத் துண்டுபோட்டு அகற்றவே பொழுது சாய்ந்துவிட்டது. பிளம்பர் வந்து குழாயை மாற்றினார். ஷீட்டை நான் மாற்றினேன். புதுக் கதவு வாங்கி வந்து சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். தனியாளாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீல் மாட்ட முயன்றேன். கதவு மூன்று முறை என் காலில் விழுந்தது.

ஆடி 31, சனி

முடியவில்லை. குளியலறைக்குக் கதவு கிடையாது, சமையலறைக்கு ஷெல்ஃப் கிடையாது. கதவில்லாத குளியலறை உள்ள வீட்டை மனுசன் குடியிருக்கிற வீடு என்று எந்தத் தரப் பரிசோதகனும் கையெழுத்துப் போட மாட்டான். நானே போட மாட்டேன். சொன்னது சொன்னதுதான்.

அதனால் பேக்கரிக்கே நேராகப் போய் மாமாவிடம் சொன்னேன்.

"மாமா, வீடு முடியல. குளிக்கற ரூமுக்குக் கதவே இல்ல. மாடிச் சாவி குடுங்க. நாளைக்கு அங்கயே வந்துக்கறோம்."

மாமா கல்லாவிலிருந்து எழுந்தார்.

"மாடியா? அது வாடகைக்கு விட்டாச்சே மாப்ள."

"எப்ப?"

"நோம்பிக்கு மறுநாளே மிருது வந்து, 'மாடி சும்மா கெடக்குதுங்கப்பா, வாடகைக்கு விட்ருங்க'ன்னா. நர்ஸுங்க ரெண்டு பேரு நாளைக்குப் பால் காச்சறாங்க. உங்ககிட்ட அவ சொல்லலீங்களா?"

நோம்பிக்கு மறுநாள். அன்று நான் வேலியின் இடதுபுறத்தை மட்டும் வெட்டி முடித்திருந்தேன். அவள் ஜன்னலில் நின்று பார்த்ததற்கு ஐந்து நாள் முன்பு. என்னை இத்தனை நாள் ஓடவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள். கோபம் வர வேண்டும். வருகிறதா என்று கொஞ்ச நேரம் பேக்கரி வாசலில் நின்று பார்த்தேன். வரவில்லை. மாமா பஃப்ஸ் கொடுத்தார். முதல்முறையாக அது சுவையாக இருந்தது. நன்றாகத்தான் போடுகிறார்கள்.

ஆவணி 1, ஞாயிறு

விடிகாலையில் வந்துவிட்டார்கள். அத்தை கையில் குத்துவிளக்கு, மாமா கையில் பால் பாத்திரம், மிருதுளா கையில் அவளுடைய ஆரஞ்சு டிரில். அத்தை வலது காலை வைத்து உள்ளே வந்து, "குளிக்கற ரூம் எங்கிருக்குதுங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "அங்க கதவு இல்லம்மா," என்றாள் மிருதுளா. மாமா எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்.

"கதவு இல்லாமயா?" அத்தை நெஞ்சில் கை வைத்தார். "மாப்ள, ஒரு மாசமா சார்ஜ் மட்டுந்தான் போட்டீங்களா?"

அத்தை சமையலறையில் பால் வைக்க, நாங்கள் பின்னால் போனோம். மிருதுளா கதவின் அடியில் ஒரு கட்டையைச் செருகி, தோளால் கதவைத் தாங்கினாள். நான் மேல் கீலை முடுக்கினேன்.

"இன்னும் ரெண்டு மில்லி மேல போகணும்," என்றாள்.

"மட்டம் சரியாத்தான் இருக்கு."

"தரை சரியில்ல. நீங்க மட்டத்தப் பாக்கறீங்க, நான் தரையப் பாக்கறேன்."

கதவை இறக்கி, திரும்ப ஏற்றினோம். இந்த முறை அவள் முடுக்கினாள், நான் தாங்கினேன். பால் பொங்கிவிட்டது என்று அத்தை கூப்பிட்டது டிரில் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை, "இவங்களக் கூப்டறதுக்கு நான் தனியா ஒரு பேட்டரி போட்டுக்கணும்," என்று மாமாவிடம் சொன்னார். அது கேட்டது.

"மாடிய ஏன் வாடகைக்கு விட்டே?" என்று கேட்டேன்.

மிருதுளா தாழ்ப்பாளின் கடைசி ஸ்க்ரூவைப் போட்டாள். பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ் விழுந்தது.

நின்றேன்.

"மாட்டிக்கிச்சா?" என்றேன்.

"இல்ல. நல்லாத்தான் விழுது." உள்ளிருந்து குரல் வந்தது. "என்னங்க."

"என்ன?"

"உங்கள மாடிக்குக் கூட்டிட்டுப் போனா, எனக்காக முழங்கால மடக்கி யாரு ஜன்னலப் பாப்பாங்க?"

"நான் முழங்கால் மடக்குனது உனக்கு ஆடி இருவத்திநாலுலதான தெரியும்? மாடிய அதுக்கு முன்னாடியே விட்டுட்டயே. தேதி ஒத்து வரல."

உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது.

"தேதியெல்லாம் இருக்கட்டுங்க. நான் நாலு லைட்டப் பாத்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். வீடு பரவால்ல."

'பரவாயில்லை' என்பது தேர்ச்சியா தோல்வியா என்று எங்கள் பிரிவில் எந்த வரையறையும் கிடையாது. அதையும் கேட்டேன். தாழ் விலகியது. கதவைத் திறந்து வெளியே வந்தவள், டிரில்லை என் கையில் திணித்து, நெற்றியில் ஒட்டிய தூசியைத் துடைத்துக்கொண்டாள்.

"பாலக் குடிச்சுட்டு வாங்க. ஷெல்ஃப் மாட்டணும். என் ஒசரத்துக்கு."